பிறமொழிச் சொற்களும் சாய்வெழுத்தும்

ஒரு மொழியில் நூல் செய்வார் பிறிதொரு மொழியின் சொல்லை அதனிடையே வைத்து வழங்க நேருங்கால், அச்சொல் தம்மொழிச் சொல்லன்று என்பதனைக் கற்பார்க்குப் புலப்படுத்தல் வேண்டுமோ என்பதும், வேண்டுமெனின் எவ்வாற்றாற் புலப்படுத்தல் தகும் என்பதும் நெடுங்காலமாக அறிஞரிடை ஆராயப்பட்டு வரும் பொருள்களாம். ஆங்கிலம் முதலிய மேலைநாட்டு மொழிகளில் அச்சிடப்படும் ஆராய்ச்சி நூல்களில் இதற்கெனக் கொள்ளப்பட்ட கருவி, நேர்நில்லாது வலப்புறம் சாய்ந்து நிற்கும் ஒருவகை எழுத்தாகும். அதனை ஆங்கிலர் இத்தாலிக் என்பர். யாம் ஈண்டுச் சாய்வெழுத்து என வழங்குதும். நிமிர்ந்து நிற்கும் பொதுவெழுத்தினை நேரெழுத்து என்க.

சைவசித்தாந்த நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பாரும், அவற்றைப் பற்றி அம்மொழியிற் கட்டுரை வரைவாரும் இவ்வினாவை நாடோறும் எதிர்ப்படுகின்றனர். பதி, பசு, பாசம், ஆணவம் என்னும் சொற்களைச் சாய்த்து அச்சிடுவதோ, நேரே நிறுத்துவதோ? மெய்கண்டார், அருணந்தியார் என்னும் பெயர்களை யாது செய்வது? திருமுறை என்னும் பெயரை யாது செய்வது? இஃது அச்சுக்கோப்பார் தொழிலளவில் அமைந்ததொரு சிறுபொருளே எனக் கருதுவாருமுளர். அஃது அங்ஙனம் அன்று. ஒரு சொல் சாய்ந்து நிற்றலானும் நேர்நிற்றலானும் பொருள் தெளிதலும் திரிதலும் உண்டு. ஒரு சமயத்தின் நூலை ஏனைச் சமயங்களின் நூலோடு ஒப்பவைத்தலும் ஒப்பாது வைத்தலும் உண்டு. ஆதலின், இவ்வழக்குத் தோன்றி வளர்ந்த வரலாற்றினை முதற்கண் ஆராய்ந்து, அதனாற் பெறப்படும் முடிபுகளைப் பின்னர்க் கூறுதும்.

சாய்வெழுத்துத் தோன்றிய வரலாறு

சாய்வெழுத்துப் பிறமொழிச் சொல்லைக் குறித்தற்கெனத் தோன்றியதன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டுப் புலவர்கள் பழைய இலத்தீன் நூல்களைப் படியெடுக்குங்கால், விரைந்து எழுதுதற்கு ஏற்றதாய்ச் சாய்ந்து ஓடும் ஒரு கையெழுத்தினை மேற்கொண்டிருந்தனர். வெனிசு நகரிற் பெயர்பெற்ற அச்சுக்கூடம் நடாத்திய அல்தோ மனூசியோ என்பார், அக்கையெழுத்தின் வடிவினை அச்செழுத்தாக்க விரும்பி, பிரான்செசுகோ கிரிப்போ என்னும் எழுத்து வெட்டுநரைக் கொண்டு அதனைச் செய்வித்தார். 1500-ஆம் ஆண்டில் ஒரு நூலின் படத்தினுள்ளே சில சொற்களாக மட்டும் தலைகாட்டிய அவ்வெழுத்து, 1501-ஆம் ஆண்டில் வெர்ஜில் என்னும் இலத்தீன் பெரும்புலவரின் செய்யுட்களை அடக்கிய சிறுநூலில் தொடக்கமுதல் இறுதிகாறும் ஆளப்பட்டது. கையிலேந்திச் சென்று கற்றற்குரிய சிறு வடிவில் தொன்னூல்களை வெளியிடுதல் அல்தோவின் கருத்து. அக்கருத்திற்கு இவ்வெழுத்துப் பொருத்தமாயிற்று. அந்நூலிற் சிறிய எழுத்துக்களே சாய்ந்து நின்றன; பெரிய எழுத்துக்கள் நேரே நின்றன. அவையும் சாய்ந்தது பின்னாளில் நிகழ்ந்தது.

வெனிசு அரசு 1502-ஆம் ஆண்டில் இவ்வெழுத்திற்கு அல்தோவுக்குத் தனியுரிமை வழங்கிற்று. எனினும் பிரான்சு நாட்டு லியோன் நகரத்து அச்சுக்கூடத்தார் அதனைப் பார்த்து வார்த்து நூல் வெளியிட்டமையின், 1503-இல் அல்தோ அவர்கட்கெதிராக எச்சரிக்கை ஒன்றினை அச்சிட்டுப் பரப்ப நேர்ந்தது. இவ்வாறு அவ்வெழுத்து ஐரோப்பா எங்கணும் பரவுவதாயிற்று. இத்தாலியர் தாம் அதனை ஓடுமெழுத்து என்னும் பொருள்படவே வழங்குவர். இத்தாலி நாட்டெழுத்து என்னும் பெயரிட்டவர் பிறநாட்டார். பிறநாட்டுச் சொல்லைக் குறிக்கும் எழுத்தின் பெயர் தானே பிறநாட்டார் இட்ட பெயராயமைந்தமை நோக்கத்தக்கது.

ஆகவே, பிறந்த காலத்துச் சாய்வெழுத்து எதனையும் வேறுபடுத்திக் காட்டிற்றில்லை. நூல் முழுதும் அதுவேயாக நின்றது. ஒரே பக்கத்தில் நேரெழுத்தும் சாய்வெழுத்தும் கலந்து அச்சிடும் வழக்கம் பதினாறாம் நூற்றாண்டிற் பெருகிய பின்னரே, ஒன்று பொதுவும் மற்றொன்று சிறப்புமாயின. சிறப்பு இன்னதென்பது அவரவர் தேவைக்கேற்ப வேறுபட்டது. 1560-ஆம் ஆண்டில் ஜினீவா நகரில் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், மூலத்தில் இல்லாது ஆங்கில வாக்கியம் நிரம்புதற்பொருட்டு மொழிபெயர்த்தோர் சேர்த்த சொற்களெல்லாம் சாய்வெழுத்தில் அமைக்கப்பட்டன. மறைநூலில் மூலத்தின் சொல் யாது, மொழிபெயர்த்தோன் சொல் யாது என்பதனைக் கற்பார்க்கு ஒளியாது காட்டும் நேர்மை இஃதெனலாம். 1611-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பும் இக்கொள்கையையே தழுவிற்று. ஆயின் அதன் முதற்பதிப்புத் தடித்த பழைய எழுத்தில் வந்தமையின், சேர்த்த சொற்களைக் குறித்தற்குச் சிறிய நேரெழுத்தே பயன்பட்டது. ஒரு நூலிற் சிறப்பாவது மற்றொன்றிற் பொதுவாதலும், பொதுவாவது சிறப்பாதலும் இதனால் அறியப்படும்.

பெயர்கள் சாய்ந்ததும் நிமிர்ந்ததும்

இக்காலத்து ஆங்கில ஆராய்ச்சி நூல்களில் மக்கட்பெயரும் இடப்பெயரும், எம்மொழிக்குரியவாயினும், சாய்வெழுத்திற் பொறிக்கப்படா. இதனை இயற்கையானதொரு விதி போலக் கொள்வார் பலர். வரலாறோ இதற்கு மறுதலையாய் நிற்கின்றது. பதினேழாம் நூற்றாண்டின் ஆங்கில நூல்களைப் புரட்டிப் பார்ப்பின், மக்கட்பெயரும் ஊர்ப்பெயரும் சாய்ந்து நிற்பதனையே மிகுதியுங் காணலாம். 1623-ஆம் ஆண்டில் வெளிவந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுதியில் வாக்கியங்களினிடையே வரும் பெயர்கள் சாய்ந்து நிற்கின்றன. அச்சுத்தொழிலின் முறைகளை ஆங்கிலத்தில் முதன்முதல் விரிவாக எழுதிய ஜோசப் மாக்சன் என்பார், 1683-ஆம் ஆண்டிற் றொடங்கி வெளியிட்ட தம் நூலில், இயற்பெயர்களைச் சாய்வெழுத்திற் கோத்தலை அச்சுக்கோப்பார் கடமைகளுள் ஒன்றாகவே வைத்துரைக்கின்றார். இலண்டன் என்பதும் சாய்ந்தது. உரோமாபுரி என்பதும் சாய்ந்தது. தம் அரசன் பெயரும் சாய்ந்தது. ஆகவே அக்காலத்திற் சாய்வு அயன்மையைக் குறிப்பதன்று. இது பொதுச்சொல்லன்று, பெயர்ச்சொல் என்று காட்டும் அடையாளமேயாம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதி தொடங்கி அவ்வழக்கம் மெல்ல மெல்ல வீழ்ந்தது. பெயரின் முதலெழுத்துப் பெரிய எழுத்தாய் நிற்றலே பெயரெனக் காட்டுதற்குப் போதுமாகலின், சாய்வு மிகையாயிற்று. அங்ஙனம் ஓய்வுபெற்ற சாய்வெழுத்து, நூற்பெயரைக் குறித்தல், ஒரு சொல்லை அழுத்திக் கூறல், பிறமொழிச் சொல்லைக் காட்டல் என்னும் தொழில்களில் நிலைபெறுவதாயிற்று. ஓர் அடையாளம் தன்னளவில் யாதொரு பொருளும் உடையதன்று. உடன்பட்டு வழங்குவாரது வழக்கே அதற்குப் பொருள் தருவது என்பது இவற்றாற் பெறப்படும்.

எழுத்து வேறுபாட்டாற் சொல்வேறுபாடு காட்டல்

எழுத்தின் வடிவை வேறாக்கிச் சொல்லின் பிறப்பினைக் காட்டுதல் ஆங்கிலர்க்கே உரியதன்று. ஜெர்மன் நாட்டார் தம் நூல்களைப் பிராக்தூர் எனப்படும் கோணல் நிறைந்த பழைய எழுத்தில் அச்சிட்டு வந்த நாளில், அவற்றினிடையே வரும் இலத்தீன், பிரெஞ்சுச் சொற்களை மட்டும் உரோமன் நேரெழுத்திற் பொறித்தனர். அங்கே நேரெழுத்தே அயற்சொல்லின் அடையாளம்! 1941-ஆம் ஆண்டில் அரசாணையாற் பிராக்தூர் வழக்கொழிய, அவ்வேறுபாடும் உடனொழிந்தது. ஜப்பானியர், பழங்காலத்துப் பௌத்தத் துறவிகள் சீனநூல்களைக் கற்குங்கால் ஓரங்களிற் குறித்தற்குப் படைத்துக்கொண்ட கதகனா என்னும் எழுத்தினை, இந்நாளில் மேலைநாட்டுச் சொற்களையும் பெயர்களையும் எழுதுதற்குப் பெரும்பான்மையும் பயன்படுத்துகின்றனர்.

இவ்வழக்குத் தமிழ்நாட்டிலும் தொன்றுதொட்டு உளதென்பதைச் சாசனங்கள் காட்டும். பல்லவர் காலத்துக் கூரம் செப்பேடுகளில் வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும் தமிழ்ப் பகுதி தமிழெழுத்திலும் அமைந்துள்ளன. ஆனைமங்கலச் செப்பேடுகள் எனவும் பெரிய லெய்டன் செப்பேடுகள் எனவும் வழங்கும் சோழர் சாசனத்தின் 21 ஏடுகளுள் 5 வடமொழியிலும் 16 தமிழிலும் உள்ளன. இவற்றினும் எமது ஆராய்ச்சிக்கு அணுக்கமாவது, ஒரே வாக்கியத்தினுள் வரும் வேறுபாடாம். சோழர் கல்வெட்டுக்கள் பலவற்றின் தலைப்பில் வரும் மங்கலச்சொல் கிரந்தத்திலிருக்க, தொடரும் மெய்க்கீர்த்தி தமிழெழுத்தில் ஓடும்; இடையே வடசொல் வருங்கால் கற்றச்சனின் உளி மீண்டும் கிரந்தத்திற்கு மாறும். வைணவ உரைகளும் சமணரது ஸ்ரீபுராணமும் போன்ற மணிப்பிரவாள நூல்களிலும் வடசொல் கிரந்தத்திலும் தமிழ்ச்சொல் தமிழெழுத்திலுமாக எழுதப்பட்டன. வெனிசு நகரிற் சாய்வெழுத்துத் தோன்றுதற்குப் பன்னூறாண்டு முன்னரே, சொல்லின் குலத்தை எழுத்தாற் புலப்படுத்தும் முறை தென்னாட்டில் நிலவிற்றென்க.

தமிழ் மரபின் மற்றொரு நெறி

அற்றேல், தமிழ் மரபு பிறமொழிச் சொல்லை வேறுபடுத்தி வைப்பதொன்றே போலுமெனின், அன்று. இலக்கண நூலார் வகுத்த நெறி இதனின் வேறாயதாம். தொல்காப்பியனார் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். வடசொல்லைப் புறத்தே நிறுத்தாது நான்கனுள் ஒன்றாக உள்ளே வைத்தெண்ணினார். ஆயின், அது வடமொழிக்கே உரிய எழுத்துக்களைத் துறந்து தமிழெழுத்தோடு பொருந்தி வருதல் வேண்டுமென வரையறுத்தார். பிற்காலத்துப் பவணந்தியார் தம் நன்னூலில், எவ்வெழுத்து எவ்வெழுத்தாய்த் திரியும் என்பதனையும், ரகர லகரங்கள் மொழிக்கு முதலாகாமையின் அவற்றின்முன் அகர இகர உகரங்கள் வந்து அரங்கம், இராமன், உலோகம் என்றாங்கு நிற்குமென்பதனையும் விரித்தோதினார். வேற்றுமொழிச் சொல் உடைமாற்றி வீட்டிற்குள் வருவது இந்நெறி. கிரந்த நெறியில் அது தன் உடையோடே வந்து தனியிருக்கையில் அமர்கின்றது.

பெயர்களும் இவ்வாறே உடைமாற்றி வந்தன. முதலாம் இராசேந்திரசோழனின் 1025-ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பினைக் கூறும் மெய்க்கீர்த்தியிற் கடாரம், பண்ணை, மலையூர், இலாமுரிதேசம், மாநக்கவாரம், தக்கோலம் என்னும் அயல்நாட்டு ஊர்ப்பெயர்கள் தமிழ்ப்பாட்டின் அடிகளுக்கு இசைந்து நிற்கின்றன. லாமுரி என்பதன் முன் இகரம் வந்தமை நன்னூலார் பின்னர்க் கூறிய விதிக்கு எடுத்துக்காட்டாய் உள்ளது. நக்கவாரம் என்பது இன்று நிக்கோபார் என வழங்கும் தீவுகளே. இப்பெயர்களைக் கேட்ட தமிழர்க்கு இவை அயலூர்ப் பெயர்கள் என்பது தெரியாமற் போயிற்றில்லை. ஆயினும் அடையாளம் யாதும் வேண்டப்படவில்லை.

இனி, ஒரு சொல்லைப் பொருளுக்காகவன்றிச் சொல்லாகவே எடுத்துக்காட்டும் இடங்களில் ஆங்கிலர் சாய்வெழுத்தினை நாடுவர். தமிழுரையாசிரியர்க்கு அது வேண்டியதில்லை. ‘என்னும்’, ‘என்பது’ என்னும் இடைச்சொல் வழக்குகளே அத்தொழிலைச் செய்து விடுகின்றன. வடமொழியில் ‘இதி’ என்பதும் அன்னது. ஓலையிற் சாய்வெழுத்தில்லை, நிறுத்தக்குறியுமில்லை, சொற்களிடையே வெளியுமில்லை. எனினும் எச்சொல் விளக்கப்படுவது, எச்சொல் விளக்குவது என்பது மயங்காது நின்றமைக்கு இவ்விடைச்சொல்லே காரணம். அச்சில் எழுத்து வடிவம் செய்வதனை இம்மொழிகளில் இலக்கணமே செய்தது.

கீழ்நாட்டுச் சொற்கள் உரோமன் எழுத்திற் புக்கவாறு

இனி, இந்நாட்டு நூல்கள் மேலைநாட்டெழுத்திற் புகுந்த வரலாற்றினை நோக்குவாம். 1784-ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தினை நிறுவிய சர் வில்லியம் ஜோன்ஸ், 1788-இல் வெளிவந்த அக்கழகத்து ஆராய்ச்சித் தொகுதியின் முதற்புத்தகத்திலேயே, ஆசிய மொழிச் சொற்களை உரோமன் எழுத்தில் எழுதுமுறை பற்றியதொரு கட்டுரையினை அமைத்தார். ஆராய்ச்சி தொடங்குமுன் எழுத்துமுறை தெளிதல் வேண்டுமென்பது அப்பெரியார் கருத்துப் போலும்.

சாய்வெழுத்தினை முற்றிலும் புதியதொரு தொழிலில் ஏவியவர் மாக்ஸ் முல்லர் ஆவர். வடமொழிக்குரிய எழுத்துக்கள் பல உரோமன் எழுத்தில் இல்லாமையின், அவற்றிற்கு மேலுங்கீழும் புள்ளியும் கோடும் இட்டெழுதுவோர் ஒருசாரார். அத்தகைய எழுத்துக்கள் எல்லா அச்சுக்கூடங்களிலும் கிடையாவாகலின், எங்கும் உள்ள சாய்வெழுத்தினையே கொண்டு அக்குறையை நிரப்பலாமென மாக்ஸ் முல்லர் எண்ணினார். ஒரு சொல்லினுள்ளே ஓரெழுத்து மட்டும் சாய்ந்து நிற்பின், அது வேறோர் ஒலியைக் குறிக்கும். ககரத்திற்குரிய எழுத்துச் சாய்ந்தால் சகரம். வர்க்கத்து மூன்றாமெழுத்தாகிய ககரத்தின் குறி சாய்ந்தால் ஜகரம். ஸகரத்தின் குறி சாய்ந்தால் சிவன் என்னும் சொல்லின் முதலெழுத்து. அவர் பதிப்பித்த கீழ்த்திசை மறைநூல் வரிசையின் 50 தொகுதிகளும் 1879 முதல் 1910 வரை இம்முறையிலேயே வெளிவந்தன.

கருத்து நன்று, விளைவு வேறாயிற்று. சாய்வின் பொருளறியாதார் அவற்றைப் பார்த்தவாறே படித்தனர். படியெடுத்தோர் சாய்வை விட்டு எழுத்தை மட்டும் எழுதினர். அதனாற் சாந்தோக்கியம் காந்தோக்கியமாயிற்று; ஜைனம் கைனமாயிற்று. நூலாசிரியர் இட்ட அடையாளம் நூலினின்று வழுவியவுடன் பெயரே அழிந்தது. அடையாளத்தை நம்பி எழுத்தைப் பொருத்தமின்றி வைத்தலின் தீங்கு இதுவாகும். 1894-ஆம் ஆண்டில் ஜினீவாவிற் கூடிய கீழ்த்திசை ஆராய்ச்சியாளர் பேரவை, புள்ளியும் கோடும் இடும் முறையினையே வரையறுத்து உடன்பட்டது. 2001-ஆம் ஆண்டில் அனைத்துநாட்டுத் தரநிறுவனம் தமிழ் முதலிய இந்திய எழுத்துக்கட்கு வெளியிட்ட விதியும் அவ்வழியினதே.

சித்தாந்த நூல்களின் பெயர்களும் இவ்வரலாற்றுள் அகப்பட்டன. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனைச் சார்ந்த ஹொய்சிங்டன் பாதிரியார் 1854-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிட்ட மொழிபெயர்ப்பில், சிவஞானபோதத்தின் ஈற்றுச்சொல்லைத் தமிழொலிக்கேற்பப் பகரத்தால் தொடங்கி எழுதினார். 1895-இல் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் அது வடமொழியொலி தோன்ற எழுதப்பட்டது. 1900-இல் ஆக்ஸ்போர்டில் வெளிவந்த போப்பையரின் திருவாசகப் பதிப்பிற் சிவன், வாசகம் என்பவற்றின் சகரம் வாலிட்டதோர் எழுத்தாற் குறிக்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியின் முறைப்படி எழுதின், சகரத்திற்கு இவையெல்லாவற்றினும் வேறான எழுத்து வரும். நால்வர் நூலினையும் ஒருங்கு கற்கும் அயல்நாட்டு மாணவன், ஒரே நூலை நான்கு நூலென மயங்கினும் வியப்பில்லை. சாய்த்தலும் நிமிர்த்தலும் பின்னர். எழுத்துமுறை ஒன்றாதலே முன்னர்.

குடிச்சொல்லும் விருந்துச்சொல்லும்

எச்சொல்லைச் சாய்ப்பது என்னும் வினாவிற்கு விடைகாண முயன்றாருட் சிறந்தவர், ஆங்கிலப் பேரகராதியின் ஆசிரியராகிய ஜேம்ஸ் மரே என்பார். 1884-இல் முதற்பகுதி வெளிவந்து 1928-இல் நிறைவெய்திய அவ்வகராதியின் தொடக்கத்தே, அவர் ஆங்கிலத்தில் வழங்குஞ் சொற்களை அவற்றின் குடியுரிமை பற்றி நான்காக வகுத்தார். பிறப்பானோ நெடுவழக்கானோ முழுக்குடிகளாயின. வழக்கில் நிலைத்தும் வடிவிலோ ஒலியிலோ அயன்மை நீங்காதன. அயற்பொருள்களின் பெயராய் அயன்மையோடு நிற்பன. இடையே வழிப்போக்கர் போல் வந்து செல்வன என்பன அவை. குடியாகாத சொற்களின் முன்னே இரண்டு நேர்கோடுகளிட்டு அகராதியிற் குறித்தார். நம் நூலார் நான்காக வகுத்தமையும் அவர் நான்காக வகுத்தமையும் எண்ணால் ஒக்குமேனும், பகுத்த நெறி வேறு. சொல்லின் வரவினை வெறுத்தொதுக்காது முறைப்படுத்த விழைந்தமை இருசாரார்க்கும் பொது.

தமிழினின்று ஆங்கிலத்திற் சென்ற சொற்களை இவ்வளவையால் நோக்குக. கட்டுமரம், கறி, சுருட்டு என்பவற்றின் ஆங்கில வடிவங்களை இன்று ஆங்கில நூலெதனினும் சாய்த்தெழுதுவாரிலர். அவை குடியேறிவிட்டன. வடமொழிவழிச் சென்ற குரு, யோகம், கருமம் என்பனவும் அந்நிலையவே. அருள், ஆணவம், திரோதம் என்பனவோ இன்னும் விருந்தாயே நிற்கின்றன.

அச்சகங்களின் விதிநூல்களும் இந்நெறியிலேயே எழுந்தன. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக அச்சகத்தின் தலைவர் ஹார்ட் என்பார் தம் அச்சுக்கோப்பார்க்கென 1893-இல் தொகுத்த சிறு விதிநூல் 1904-இற் பொதுமக்கட்கும் விற்கப்பட்டது. சிகாகோப் பல்கலைக்கழக அச்சகம் 1906-இல் வெளியிட்ட விதிநூல் பன்முறை திருத்தப்பெற்று இன்றும் ஆராய்ச்சியாளர்க்கு அளவையாய் உள்ளது. அந்நூல் கூறுவனவற்றின் சுருக்கம் வருமாறு: கற்பார்க்குப் பழக்கமில்லாத பிறமொழிச் சொல் சாய்வெழுத்தில் வரும், பொது அகராதியில் இடம்பெற்ற சொல் நேரெழுத்தில் வரும், ஒருநூலிற் பலகால் பயிலும் சொல், பொருள் விளக்கப்படும் முதலிடத்துச் சாய்ந்து, பின்னர் நேர்நிற்கலாம், பிறமொழி இயற்பெயர்கள் சாயா, பிறமொழி மேற்கோள் மேற்கோட் குறிக்குள்ளோ தனிப்பத்தியாகவோ நிற்றலின் அதுவும் சாயாது, நூற்பெயர் சாயும், விவிலியம், குரான், வேதம், உபநிடதம் முதலிய மறைநூற் பெயர்கள் நேர்நிற்கும்.

சித்தாந்தச் சொற்களுக்கு இவை பொருந்துமாறு

ஒரு சொல்லைச் சாய்த்தல் வேண்டுமோ என்பதன்முன், அதனை மொழிபெயர்க்காது வைத்தல் வேண்டுமோ என்பது எழும். காஞ்சிமாநகர்க்கு வந்து சென்றவரும், சீனத்திற் பௌத்த நூல்களை மொழிபெயர்த்தவருமாகிய யுவான் சுவாங், ஐவகைச் சொற்களை மொழிபெயர்க்காது ஒலியளவிற் பெயர்த்தெழுதுக எனக் கூறியதாகச் சீனநூல் கூறும். மறைபொருளுடையன, பலபொருள் குறிப்பன, தம் நாட்டில் இல்லாத பொருளைக் குறிப்பன, முன்னோர் அங்ஙனமே வைத்தன, மொழிபெயர்ப்பின் மதிப்புக் குறைவன என்பனவே அவை. பிரஜ்ஞை என்பதனை அறிவென மாற்றின் அதன் உயர்வு தோன்றாதென்பது ஐந்தாவதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு.

இவ்வளவையால் ஆணவம் என்னும் சொல்லை ஆராய்க. அதனைச் செருக்கு, தன்முனைப்பு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லாற் பெயர்ப்பாருளர். சித்தாந்தத்தில் ஆணவமாவது உயிரின் அறிவினை அனாதியே மறைத்து நிற்கும் மூலமலம். கேவல நிலையில் உயிர்க்கு யான் என்னும் உணர்வுதானும் இல்லை. அந்நிலையிலும் ஆணவம் முழுவதுமாய் நிற்கின்றது. யானென்னும் உணர்வே இல்லாவிடத்தும் உள்ளதொன்றனைச் செருக்கெனல் யாங்ஙனம் பொருந்தும்? ஆதலின் அச்சொல்லை அங்ஙனமே வைத்தல் இன்றியமையாதது. வைத்தவிடத்து முதற்கண் சாய்த்துப் பொருளுரைத்தலே கற்பானுக்கு, ‘இச்சொல்லின் பொருளை நின் மொழியில் தேடற்க; ஈண்டுக் கூறுமாறு கொள்க’ என அறிவுறுத்தலாகும்.

இன்னுஞ் சில சொற்களிற் சாயாது விடுதல் பெருங்கேடு பயக்கும். சிவஞானபோதத்து ஏழாஞ் சூத்திரம் சத்து, அசத்து என்பவற்றை ஆராய்கின்றது. சத் என்னும் வடமொழி வடிவை உரோமன் எழுத்தில் எழுதின், அஃது ஆங்கிலத்தில் ‘அமர்ந்தான்’ எனப் பொருள்படும் எளியதொரு வினைச்சொல்லோடு எழுத்தளவிற் சிறிதும் வேறுபாடின்றி ஒத்து நிற்கும். அம்மொழியாளன் அவ்வாக்கியத்தினை ஒருமுறை இடறாது கடத்தல் அரிது. மாயை என்பதன் வடமொழி வடிவைப் பெரிய எழுத்தில் தொடங்கி நேரே நிறுத்தின், அது நடு அமெரிக்காவின் தொன்மக்களாகிய மாயரைக் குறிக்கும். பசு என்பது வடமொழி சிறிது கற்றானுக்கு விலங்கினையும், பாசத்தாற் கட்டுண்ட உயிரென்பது நூல் முழுதுங் கற்றானுக்குமே தோன்றும். இவ்விடங்களிற் சாய்வெழுத்துச் சொல்லை அயலதென இகழ்வதன்று. அதன் பொருளைக் காக்கும் வேலியாம்.

மறைநூற் பெயர்களில் உள்ள வேறுபாடு இவையெல்லாவற்றினும் கருதத்தக்கது. விவிலியமும் வேதமும் உபநிடதமும் ஒரு நூலாசிரியரின் ஒருநூலல்லவாய், ஒரு மக்கட் கூட்டத்தார் மறையெனப் போற்றும் தொகுதிகளாதலின் நேர்நிற்கின்றன. அக்காரணம் பன்னிரு திருமுறைக்கும் சிவாகமங்கட்கும் முற்றும் பொருந்தும். ஒரு பக்கத்தில் விவிலியத்தை நேரே நிறுத்தித் திருமுறையைச் சாய்த்தெழுதுவார், ஒன்றை மறையெனவும் மற்றொன்றைப் புத்தகமெனவும் எழுத்தாற் சொல்கின்றார்; வாயாற் சொல்லார். சைவ ஆராய்ச்சியாளரே இவ்வேறுபாட்டினை அறியாது எழுதி விடுதலும் உண்டு. திருமுறை, சிவாகமம் என்னும் தொகைப்பெயர்களை நேரெழுத்திலும், சிவஞானசித்தியார் போல ஓராசிரியர் செய்த தனிநூலின் பெயரைச் சாய்வெழுத்திலும் வைத்தல் அவ்விதியோடு ஒத்தது.

தடையும் விடையும்

இருபத்தோராம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் எழுதும் பலமொழியாளர் சிலர், தம் தாய்மொழிச் சொற்களைச் சாய்த்தல் அவற்றை அயலவெனத் தள்ளிவைத்தலாமென்று கூறிச் சாய்வெழுத்தினை அறவே விலக்குகின்றனர். கதையும் பாட்டும் எழுதுவார்க்கு அது பொருந்துக. ஆராய்ச்சி நூலுக்கு அது பொருந்துமோ எனின், ஆராய்வாம். அல்தோ தம் நாட்டார் தலைமேற்கொண்ட வெர்ஜிலின் செய்யுளனைத்தையும் சாய்த்தே அச்சிட்டார். ஆங்கிலர் தம் வேந்தன் பெயரையும் சாய்த்தனர். சாய்வு இழிவன்று என்பதற்கு இவ்வரலாறே சான்று. இழிவு தோன்றுவது சாய்வினாலன்று, ஒப்பின்மையால். பழக்கமில்லாத கிரேக்கச் சொல்லை நேரே நிறுத்தி அத்தகைய தமிழ்ச்சொல்லை மட்டும் சாய்ப்பாராயின், அவர்பாற் கூறுங் குற்றம் நிலைபெறும். எம்மொழிச் சொல்லையும் ஓரளவையால் அளப்பாராயின், குற்றமில்லை. அன்றியும், ஒரு சொல் அகராதியுட் புகுதல் வழக்கினாலேயே ஆவது. அச்சொல்லைப் பொருள் தெளியப் பன்முறை ஆளுதலே அதனை விருந்தினின்றும் குடியாக்கும் வழி.

முடிபு

இதுகாறுங் கூறியவற்றாற் பெறப்பட்டன இவை. முதலாவது, சித்தாந்தக் கட்டுரையினை ஆங்கிலத்தில் எழுதுவார் எழுத்துமுறை ஒன்றினைத் தேர்ந்து, அதனைத் தொடக்கத்திற் கூறி, இறுதிவரை வழுவாது நிற்க. இரண்டாவது, மக்கட்பெயர், கடவுட்பெயர், ஊர்ப்பெயர், திருக்கோயிற் பெயர் இவற்றைச் சாய்க்கற்க. தம் பெயரை உரோமன் எழுத்தில் தாமே எழுதிப்போந்தவர்க்கு அவர் எழுதியவாறே எழுதுக. மூன்றாவது, குடியேறிய சொற்களைச் சாய்க்கற்க. நான்காவது, கலைச்சொல்லை முதலிற் சாய்த்துப் பொருளுரைக்க. பின் நேரே நிறுத்துக. ஆயின் சத், மாயை என்றாங்கு ஆங்கிலச் சொல்லொடு மயங்குவன வருமிடமெல்லாம் சாய்ந்தே நிற்க. ஐந்தாவது, தமிழெழுத்திலேயே காட்டப்படும் மேற்கோளைச் சாய்க்கற்க. எழுத்தின் வேறுபாடே போதும். ஆறாவது, மறைத்தொகுதிகளின் பெயரை ஏனைச் சமயத்தார் மறைகளோடு ஒப்ப நேரே நிறுத்துக.

தமிழில் எழுதுவார்க்கோ சாய்வெழுத்து இன்றியமையாததன்று. கணிப்பொறியில் தமிழ்ச்சாய்வாக வருவது பெரும்பான்மையும் நேரெழுத்தினை அங்ஙனமே வளைத்ததேயன்றி, இத்தாலியர்க்குப் போலக் கையெழுத்து மரபினின்று பிறந்ததன்று. நமக்குத் தொல்காப்பியனார் காட்டிய வடிவமைதியும், உரையாசிரியர் கையாண்ட ‘என்னும்’ என்னும் சொல்லும் உள. அயற்பெயரைத் தமிழொலிக்கேற்ப எழுதி, ஒருமுறை எழுதியவாறே பின்னும் எழுதின் கற்பார் மயங்கார். யுவான் சுவாங் என ஓரிடத்தும் ஹியூன் சாங் எனப் பிறிதோரிடத்தும் எழுதி, இருவரென எண்ணச் செய்தல் எவ்வெழுத்தாலும் நீங்காத குற்றம். சொல்லைக் கற்பான் கையிற் பொருள் சிதையாது சேர்ப்பித்தலே எழுதுவான் கடன். எழுத்துச் சாய்வதும் நிமிர்வதும் அதன்பொருட்டென்பது மறவாதிருத்தல் அறிஞர்க்கு முறைமையாம்.